ரிப்பன் கட்டிய மிதிபம்பு

ஓடாத இயந்திரத்துக்குத் திறப்பு விழா நடத்துவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றை நிறுத்தி, அதற்கு மாலை போட்டு, ரிப்பன் கட்டி, பெரிய மனிதர் வந்து திறக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்று சொன்னதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதுவும் ஊரே வறண்டு கிடந்த நேரத்தில். அதுவும் நான் என் கையால் செய்த பம்பை. இதை எழுத உட்கார்ந்தபோதே எனக்குக் காது சூடாகிவிட்டது.

கெலாங் பாத்தாவிலிருந்து பொந்தியான் போகும் பழைய சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, இருக்கிறது. சில வரிசை வீடுகள், ஒரு சாப்பாட்டுக் கடை, ஒரு மாரியம்மன் கோயில், அவ்வளவுதான். கோயிலுக்குப் பின்னால் ஒரு நீளத் துண்டு நிலம் சரிந்து பாரிட்டில் போய் முடியும். பாரிட் என்றால் இந்தப் பக்கத்து வாய்க்கால். தண்ணீர் கோப்பி-ஓ என்கிற பால் விடாத காப்பி நிறத்தில் இருக்கும், ஆனால் செடிகளுக்கு அதில் ஒரு குறையும் இல்லை. அந்த நிலத்தில் தாமான் பெண்கள் சிலர் கொல்லை போட்டிருந்தார்கள். கோயில் நிர்வாகம் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதி.

என் அத்தை அங்கே வெற்றிலை பயிர் செய்கிறார். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தார். தொழிற்சாலை வேறு நாட்டுக்குப் போய்விட்டது, அத்தை இங்கேயே இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் செய்த முதல் காரியம், யார் வீட்டிலிருந்தோ நான்கைந்து வெற்றிலைக் கொடித் துண்டுகளை வாங்கி வந்து இந்தக் கறுப்பு மண்ணில் ஊன்றியதுதான். இப்போது கெலாங் பாத்தா பூக்கடைக்காரர் கல்யாணக் காலத்தில் அத்தையைத்தான் கூப்பிடுவார். கோயிலில் எந்தத் தாம்பாளத்தில் வெற்றிலை இருந்தாலும் அது அத்தையின் வெற்றிலை. அவருடையது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு வேறு எதுவும் கிடையாது. அதை அவரே சொல்வார், சிரித்துக்கொண்டே.

வெற்றிலைக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீர் தேங்கினாலும் அழுகும். ஒரு வாரம் ஏமாற்றினாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும். தைப்பூசம் முடிந்தால் இந்தப் பக்கம் மழை நின்றுவிடும். காலையும் மாலையும் ஊற்றியாக வேண்டும். பாரிட் பக்கத்திலேயே இருக்கிறதே என்று நினைக்கலாம். பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே. கரையோ சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். ஒரு வறட்சியில் அத்தை இரண்டு கையிலும் வாளியோடு ஏறும்போது சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டோடு அந்தச் சீசன் முழுக்கத் தண்ணீர் தூக்கியதைக் கீரை போடும் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தை சொல்லவில்லை.

அன்றைக்குத்தான் எனக்கு இந்தப் பம்பு வெறி பிடித்தது.

நான் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பொலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தவள். நாளெல்லாம் பம்போடுதான் வாழ்க்கை. ஒவ்வொன்றும் ஓர் ஆள் உயரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு கணினித் திரை. வாடகை அறையில் தங்கியிருந்து, ஓய்வு நாட்களில் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வருவேன். இவ்வளவு பம்புகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள், சொந்த அத்தைக்கு ஒரு வாளித் தண்ணீர் மேலே கொண்டுவர முடியவில்லை என்றால் அந்தச் சான்றிதழை எதற்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள்?

கொல்லையில் மின்சாரம் இல்லை. கோயிலுக்கு ஒரு பெட்ரோல் பம்பு இருந்தது. அது கோயில் ஸ்டோரில் பூட்டியிருக்கும், சாவி வைத்திருப்பவர் ஷிப்ட் வேலைக்காரர். அவர் தூங்கும் நேரத்தில்தான் செடிகளுக்குத் தாகம் எடுக்கும். பிறகு அந்தப் பம்பையும் யாரோ பழைய இரும்புக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆக, மின்சாரமும் வேண்டாம், பெட்ரோலும் வேண்டாம், சாவியும் வேண்டாம். திருடினாலும் எடைக்குப் போடுகிற மாதிரி இருக்கக்கூடாது. காலால் மிதிக்கும் பம்பு.

அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு தடித்த பிவிசி குழாய்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தண்டு, தண்டின் அடியில் ரப்பர் வட்டு. மேலே இரண்டு மிதிபலகைகள், அவற்றை ஒரு கப்பி வழியாகக் கயிறு இணைக்கும். ஒன்றை மிதித்தால் மற்றது எழும். எழும் பக்கம் பாரிட்டிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். மிதிக்கும் பக்கத்தில் ஏற்கெனவே உறிஞ்சிய தண்ணீர் ரப்பரைத் தாண்டி மேலே வரும், அடுத்து எழும்போது வெளியே கொட்டும். படிக்கட்டு ஏறுவது போல ஏறிக்கொண்டே இருக்க வேண்டியதுதான், எங்கேயும் போகமாட்டோம், தண்ணீர் மட்டும் போகும். எத்தனையோ நாடுகளில் சின்ன விவசாயிகள் இப்படித்தான் இறைக்கிறார்கள் என்று படித்திருந்தேன். நான் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

முதலில் மோட்டார் சைக்கிள் டியூபை வெட்டி வட்டு செய்தேன். அது குடை மாதிரி பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. லாரி டியூபை வெட்டினேன், அது பிடித்தது. உறிஞ்சும் குழாயின் வாயில் இலையும் வேரும் அடைத்தன; கீரை அக்கா வெங்காயம் வரும் வலைப்பை ஒன்றைக் கொண்டு வந்து கட்டிவிட்டார், அடைப்பு நின்றது. பலகைக்கு, யாரோ தூக்கிப்போட்ட கட்டில். எல்லாம் முடிந்தபின் நான் ஒரு வேலை செய்தேன். வீட்டில் மிச்சமிருந்த பெயிண்டை எடுத்து உடம்புக்கு மஞ்சள், மிதிபலகைக்குச் சிவப்பு என்று பளிச்சென்று அடித்தேன். செய்ததை அழகாகச் செய்ய வேண்டாமா?

அத்தை அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது மேல நான் ஏறி நின்னு குதிக்கணுமா?"

"குதிக்க வேணாம் அத்தை. நடங்க."

"எங்க நடக்கறது?"

"நின்ன இடத்துலயே."

"உங்க மாமாவோட வாழ்ந்த மாதிரின்னு சொல்லு" என்றார் அத்தை, கைலியை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்.

முதல் தண்ணீர் 'களக்' என்று வந்து பலகையில் விழுந்தபோது கீரை அக்கா கைதட்டினார். அதன்பிறகு அது தாமானின் கேலிப்பொருளாகவும் பெருமையாகவும் ஒரே நேரத்தில் ஆகிவிட்டது. சாலையில் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "ஜிம்முக்குக் காசு குடுக்கணுமா அக்கா" என்று கேட்பார்கள். கீரை அக்கா கைப்பேசியில் நாடகம் போட்டுக் கம்பத்தில் சாத்திவைத்துக்கொண்டு மிதிப்பார். ஓர் அத்தியாயம் முடியும்போது அவருடைய பாத்தியும் நனைந்திருக்கும். அத்தை கரையில் இறங்குவதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம். வாளிகள் வீட்டின் பின்புறம் கவிழ்ந்து கிடந்தன.

நான் வேலைக்குத் திரும்பினேன். அந்த ஷிப்டில் இருந்தபோதுதான் கோயில் தலைவர் கொல்லைக்குப் போயிருக்கிறார்.

தலைவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் என் கோபத்தைக் கூட்டுவதே இதுதான். துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் கழிவறையைக்கூடத் தானே கழுவுவார். யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நாற்காலி கொண்டுவந்து இறக்குவார். அப்படிப்பட்டவர் அந்த மஞ்சள் சிவப்புப் பம்பைப் பார்த்து அசந்துபோய், கைப்பேசியில் படம் பிடித்து, குழுவில் போட்டிருக்கிறார். அது எங்கெங்கோ போய், எங்கள் தொகுதி சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகம்வரை போய், அங்கே யாரோ கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றை அனுப்பிவிட்டார்கள். போதாதா? ஒய்பி, அந்த உறுப்பினரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், வருவார், திறந்துவைப்பார், அப்படியே கோயில் நுழைவாயில் கோபுரத்துக்கு மானியம் பேசிவிடலாம். தலைவர் மனதில் அன்றே மேடை போட்டாகிவிட்டது.

எனக்கு இதெல்லாம் தெரியாது. தொலைபேசியில் அத்தை, "பம்புக்குப் பூஜை போட்டாங்க, நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார். நானும் மகிழ்ந்தேன். மகிழ்ந்தேன் என்று எழுதும்போதே எரிச்சலாக இருக்கிறது.

அடுத்த ஓய்வு நாளில் வந்தேன். மோட்டார் சைக்கிளைக் கோயில் வேலியோரம் நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது பம்பு. அதன்மேல் மஞ்சள் துணி. துணிமேல் வாடிய மாலை. குழாயில் மூன்று கோடு விபூதி, நடுவில் குங்குமம். இரண்டு மிதிபலகைகளையும் சேர்த்துச் சுற்றி அகலமான சிவப்பு ரிப்பன், முன்னால் பெரிய பூ முடிச்சு. பக்கத்தில் இரண்டு இரும்புக் கம்பங்கள், பதாகை கட்டுவதற்கு. அடுத்துக் கண்ணில் பட்டது அத்தை. அந்தப் பம்புக்கு இரண்டடி தள்ளி, வழுக்கும் கரையில், வாளியைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்துகொண்டிருந்தார். முன்பு உடைந்த கையை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு.

நான் ஓடிப்போய் வாளியை வாங்கினேன். என்ன நடக்கிறது இங்கே என்று கேட்டேன். அத்தை மூச்சு வாங்கியபடி, திறப்பு விழாவரை தொடக்கூடாதாம், அடுத்த வாரம் ஒய்பி வருகிறாராம் என்றார். ஏதோ அடுத்த வாரம் மழை வருமாம் என்பதுபோலச் சொன்னார்.

தொடக்கூடாது என்று யார் சொன்னது? தலைவர். ஏன்? பூஜை போட்டாகிவிட்டது, இனிப் பெரியவர் வந்து திறப்பதுதான் முறை. சரி, பூஜைக்கு முன்னால் இத்தனை நாள் மிதித்தார்களே, அது? அது வேறு, இது வேறு என்றார் கீரை அக்கா, கொத்தமல்லிப் பாத்தியிலிருந்து நிமிராமலே. நாடகம் பார்க்காமல் அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. தலைவர்மேல் படுவது சுலபம். ஆனால் இந்தப் பெண்கள்? தண்ணீருக்காக இத்தனை வருடம் சாவிக்காரர் வீட்டு வாசலில் நின்றவர்கள், இப்போது பூட்டே இல்லாத ஒரு பம்பை, ஒரு முழம் ரிப்பனுக்குப் பயந்துகொண்டு சுற்றிப் போகிறார்கள்!

அன்று மாலை கோயிலுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து தலைவர் அன்னதான மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. நம்ம பிள்ளை, நம்ம தாமான் பிள்ளை என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். விழாவில் எனக்குச் சால்வை போடப்போவதாகவும் சொன்னார்.

"அங்கிள், சால்வை வேணாம். ரிப்பனை எடுத்துடுங்க. வெத்தலை காயுது."

"ஒரு வாரம்தானேமா. ஒய்பி வந்து பாக்கறப்ப பம்பு புதுசா இருக்கணும்ல? சேறும் சகதியுமா காட்டுனா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"அது தண்ணி பம்பு அங்கிள். சேறாத்தான் இருக்கும்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புதுக் கார் வாங்குகிறவர்கள் எல்லாம் இதே கோயிலில்தான் பூஜை போடுகிறார்கள். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டு அப்படியே ஓட்டிக்கொண்டு போகிறார்களே, ஒய்பி வந்து முதலில் ஓட்டட்டும் என்று யாராவது வாசலில் நிறுத்திவைத்தார்களா என்று கேட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். தலைவர் துணியைப் பிழிந்தார். "படிச்ச பிள்ளைங்க பேசினா நல்லாத்தான் இருக்கும்" என்றார். "ஆனா ஒரு மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்லமா."

யாருக்கு மரியாதை? இதுதான் என் கேள்வி. இன்னும் வராத மனிதருக்கு இவ்வளவு மரியாதை. தினமும் கரையில் இறங்கி ஏறும் பெண்ணுக்கு அதில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாதா?

அந்த ஒரு வாரம் வந்தது, போனது. ஒய்பிக்குச் சட்டமன்றக் கூட்டம். அடுத்த தேதி சொன்னார்கள். அன்றைக்கு ஏதோ பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி. அதற்கடுத்த தேதியைச் சொல்லவே இல்லை. ஒவ்வொரு முறையும் மாலையை மட்டும் மாற்றினார்கள். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. பக்கத்து நாட்டுப் பக்கமிருந்து புகை மூட்டம் போல ஏதோ வந்து உட்கார்ந்துகொண்டு, செடியின் இலையெல்லாம் தூசி. நான் ஓய்வு நாட்களில் வந்து தண்ணீர் தூக்கினேன். மற்ற நாட்களில் அத்தை. வெயில் நேராக விழும் கடைசி வரிசைக் கொடிகள் முதலில் மஞ்சளாயின, பிறகு கம்பைப் பிடித்திருந்த பிடியை விட்டன. வெற்றிலைக் கொடி கம்பைவிட்டு விலகினால் அவ்வளவுதான். கையில் எடுத்தால் காய்ந்த கயிறு.

அந்த வரிசையைப் பார்த்தபின் என்னால் முடியவில்லை. வீட்டுக்குப் போய்த் தையல் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். உடைந்து ஒட்டிய அந்தக் கைதான். அதில் இவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"வெட்டாத."

"ஏன் அத்தை? சாமி கண்ணக் குத்துமா?"

"சாமி ஒண்ணும் பண்ணாது. இந்த மண்ணு எழுதிக் குடுத்த மண்ணாடி? தலைவரு வாயால குடுத்தது. நீ வெட்டிட்டு மோட்டார் சைக்கிளெடுத்துக்கிட்டு பாசிர் கூடாங்குக்குப் போயிடுவ. நான் எங்க போவேன்?"

நான் கத்தரிக்கோலை மடக்கிப் பைக்குள் போட்டேன். அவர் பயந்தது ரிப்பனுக்கில்லை என்று அப்போதுதான் உறைத்தது. ஆனால் கோபம் குறையவில்லை. பெரிதானது. ஒரு பெண் தான் வளர்த்த கொடி கண்ணெதிரே சாவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவள் காலுக்குக் கீழே இருக்கும் மண் இன்னொருவரின் நல்ல மனதில் இருக்கிறது. நல்ல மனதுதான். அதில் சந்தேகமே இல்லை. நல்ல மனதை நம்பி வெற்றிலை நட்டால் இப்படித்தான்.

கடைசியில் தேதி உறுதியானது. ஞாயிற்றுக்கிழமை. நான் விடுப்பு எடுத்து, வியாழன் மாலையே வந்துவிட்டேன். அன்றைக்கே தலைவர் கொல்லைக்கு வந்தார். கையில் இரண்டு புதுத் தாம்பாளங்கள், இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காதவை. அத்தையிடம் கொடுத்து, ஒய்பியை வரவேற்க வெற்றிலைத் தாம்பாளம் வைக்க வேண்டும், கடை வெற்றிலை வேண்டாம், நம் மண்ணில் விளைந்தது என்று மேடையில் சொல்ல வேண்டும், நல்ல கொழுந்தாகப் பறித்துக் கொடு தங்கச்சி என்றார்.

அத்தை தாம்பாளங்களை வாங்கி மண்மேல் வைத்தார். கொடிகளுக்குக் கட்டிய நிழல் வலைக்குள் போய், உயிரோடு இருந்த வரிசையிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி வந்து தலைவர் உள்ளங்கையில் வைத்தார். அது ஈரத் துணி மாதிரி அவர் விரல்களின் இரண்டு பக்கமும் தொங்கியது.

"இதையா அண்ணே தட்டுல அடுக்கப் போறீங்க?"

தலைவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாமே இப்படித்தானா?"

"அந்த வரிசை செத்துப் போச்சு. இந்த வரிசைக்கு இன்னையிலேர்ந்து ஞாயித்துக்கிழமை வரைக்கும் வயிறு நெறையத் தண்ணி விட்டா நிமிரும். என் கையால தூக்கி ஊத்தி நிமிராது. பாத்துக்குங்க."

அவ்வளவுதான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. நான்தான் பக்கத்தில் நின்று பற்களைக் கடித்துக்கொண்டிருந்தேன். கீரை அக்கா கீரைக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

தலைவர் கரையோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். அத்தையின் கால் தடங்கள் படிக்கட்டு மாதிரி மண்ணில் பதிந்திருந்தன. இரண்டு இடத்தில் சறுக்கிய கோடும் இருந்தது.

"இதுலயா இறங்கி ஏறிக்கிட்டிருந்த?"

"வேற எதுல அண்ணே?"

தலைவர் கரையைவிட்டு விலகினார். பிறகு பம்பிடம் வந்தார். மாலையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டினார். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். ரிப்பனின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். பூ முடிச்சுதானே, வழுக்கிக்கொண்டு அவிழ்ந்து வந்துவிட்டது.

அவிழ்ந்துவிட்டது. நான் அந்த ரிப்பனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இத்தனை வாரமும் அது ஒரே இழுப்பில் அவிழ்ந்து, மறுபடி கட்டக்கூடிய முடிச்சாகத்தான் இருந்திருக்கிறது. யாரும் வெட்டியிருக்க வேண்டியதில்லை. காலையில் அவிழ்த்து மாலையில் கட்டியிருந்தால் ஒய்பிக்கும் தெரிந்திருக்காது, மாரியம்மனுக்கும் குறைந்திருக்காது. வெட்டுவதா வேண்டாமா என்றே நான் நின்றேன். அவிழ்க்கலாம் என்று எனக்கே தோன்றவில்லையே! தலைவருக்கும் இன்றைக்குத்தான் தோன்றியது, அதுவும் தாம்பாளம் காலியாக இருக்கும் என்று தெரிந்தபோதுதான். கொடி செத்தபோது தோன்றவில்லை.

அவர் மிதிபலகையில் ஏறினார். மிதித்தார். ஒன்றும் வரவில்லை. காற்றுதான் 'உஸ்' என்றது.

"என்னமா, ஓடலையே?"

ஓடாது என்றேன். வெயிலில் காய்ந்து கிடந்தால் ரப்பர் சுருங்கிவிடும், நனைந்துகொண்டே இருக்கும் பம்பு கெடாது, வணங்கிவைத்த பம்பு கெட்டுப்போகும் என்றேன். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் அதிகமாகவே உயர்ந்துவிட்டது. அவர் இறங்கி, சட்டைக் கையை மடித்துக்கொண்டார். நான் தண்டுகளை உருவி எடுக்க, அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். வட்டுகள் ஓரமெல்லாம் வெடித்திருந்தன. வீட்டிலிருந்த மிச்ச லாரி டியூபைக் கொண்டுவந்து புதிதாக வெட்டினேன். மாட்டி, மேலே இரண்டு குவளைத் தண்ணீர் ஊற்றி, மறுபடி ஏறச் சொன்னேன்.

தலைவர் மிதித்தார். இந்த முறை வந்தது. கோப்பி நிறத் தண்ணீர் பலகையில் விழுந்து, செடிகளுக்கு வெட்டிய சின்ன ஓடை வழியாக உருண்டு, முதல் கொடியின் அடியில் போய் நுரைத்தது. நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. சட்டை முதுகோடு ஒட்டும்வரை மிதித்தார். கீரை அக்காவுக்கு வாய் சும்மா இருக்காது: "அண்ணே, என் பாத்தியும் அந்தப் பக்கந்தான் இருக்கு." அதற்கும் மிதித்தார். போகும்போது, "நல்லாத்தான் வேலை செய்யுது" என்று என்னிடம் சொன்னார். மன்னிப்பு மாதிரி ஏதாவது வரும் என்று நான் காத்திருந்தேன். அவர் ரிப்பனை எடுத்துச் சுருக்கம் போகத் தடவி, மறுபடி அதே பூ முடிச்சைப் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளியும் சனியும் அத்தை விடியற்காலையில் அவிழ்த்து, மிதித்து, வெயில் ஏறுமுன் கட்டிவைத்தார். முடிச்சு தலைவர் போட்டதைவிட அழகாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒய்பி வரவில்லை. அவருடைய உதவியாளர் வந்தார், நேரம் தவறி, இன்னொரு நிகழ்ச்சிக்குப் போகும் வழியில். பளபளக்கும் காலணியோடு வந்து ரிப்பனை வெட்டினார். ஒரே இழுப்பில் அவிழும் ரிப்பனை வெட்டியே போட்டார்கள். இரண்டு முறை மிதித்தார், படம் எடுத்தார்கள், இறங்கினார். பெண்கள் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று பேசினார். அப்போது பெண்கள் எல்லாரும் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் மீஹூன், அதாவது வறுத்த அரிசிச் சேமியா, பரிமாறிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சால்வை போட்டார்கள். மேடையில் பம்பு 'நிர்வாகத்தின் முயற்சியால்' என்றார்கள். அத்தையை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அத்தையின் வெற்றிலை மட்டும் ஏறியது, தாம்பாளத்தில், நிமிர்ந்து, பச்சையாக.

உதவியாளர் புறப்படும்போது பம்பைத் திரும்பிப் பார்த்து, இதற்கு ஒரு மோட்டார் வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே, ஏற்பாடு செய்யலாம் என்றார். தலைவர் கைகூப்பினார். தட்டோடு என் பக்கத்தில் நின்ற அத்தை உதடு அசையாமல் சொன்னார்:

"வெச்சா அதுக்கும் ரிப்பன் கட்டுவாங்க."

கூட்டம் கலைந்தபின் அத்தை விழாப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பம்பில் ஏறினார். வெட்டிய ரிப்பன் துண்டு ஒன்று மிதிபலகையில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்கியது. நான் செத்த வரிசையைப் பிடுங்கினேன். கம்புகளை விட்டுவிட்டு, உயிரோடு இருந்த கொடிகளிலிருந்து துண்டு வெட்டி அதே இடத்தில் ஊன்றினோம். அவை இலை விட்டுக் கம்பைப் பிடிக்க மாதக்கணக்காகும். இனி வரும் கல்யாணச் சீசனில் பூக்கடைக்காரர் கூப்பிட்டால் பாதிக்குத்தான் அத்தையால் தர முடியும். யாரும் அதை மேடையில் சொல்லவில்லை.

"ஏண்டி" என்றார் அத்தை, மிதித்துக்கொண்டே. "அடுத்தது செஞ்சா பெயிண்ட் அடிக்காத."

நான் சிரித்தேன். பிறகு அதுவும் கோபமாகத்தான் வந்தது. நல்ல பொருளை நாலு பேர் கண்ணில் படாமல் அசிங்கமாக வைத்துக்கொண்டால்தான் பயன்படுத்த முடியும் என்றால், இது என்ன நியாயம்? இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. நிலத்துக்கு எழுத்தில் அனுமதி வேண்டும் என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் எழுந்து கேட்கிறேன். தலைவரும் பார்க்கலாம் என்கிறார். நானும் உட்கார்ந்து, அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுகிறேன்.

அதுவரை அத்தை சொன்னபடிதான். கீரை அக்காவின் பாத்திக்குப் பக்கத்தில் இரண்டாவது பம்பு ஒன்றை இறக்கிவிட்டேன். பழைய வேலிப் பலகை, பாசி பிடித்த குழாய், வெங்காய வலை. தலைவர் அதைத் தாண்டித் தினமும் நடந்து போகிறார். இதுவரை ஒருமுறைகூடப் படம் பிடிக்கக் கைப்பேசியை வெளியே எடுக்கவில்லை. கீரை அக்கா அதன்மேல் நின்று நாடகம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.